கிண்ணத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். காலை ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்துவிடும். எட்டரைக்கு நான் பனியன் கம்பெனியில் இருக்க வேண்டும். இட்லி, தோசை எதைக் கொடுத்தாலும் வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போன வருடம் சாக்லேட் சீரியல் பாக்கெட் ஒன்று வாங்கி, பாலில் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலி. அன்றிலிருந்து தினமும் அதுதான். கூடவே ஒரு டம்ளர் பாலில் சத்து பவுடரும் கலந்து தருகிறேன். “இது மிட்டாய். இதைத் தின்னா புள்ள ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்கிறார் என் மாமியார். “வைட்டமின், இரும்புச்சத்து எல்லாம் இருக்குன்னு அட்டையிலயே போட்டிருக்கு, பாலும் உள்ள போகுது, விடு” என்கிறார் கணவர். இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. இதைத் தினமும் கொடுக்கலாமா? கூடாது என்றால், அந்த அவசரத்தில் வேறு எதைக் கொடுப்பது?
- வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். தினசரி காலை உணவாக வேண்டாம். எப்போதாவது ஒரு தின்பண்டமாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. தீபாவளிக்கு ஒரு மைசூர்பாகு கொடுக்கிறோம், அதைத் தட்டில் வைத்துத் தினமும் காலைப் பலகாரம் என்று சொல்வதில்லை. இந்த பாக்கெட்டையும் அந்த வரிசையில் வையுங்கள். இதுவரை கொடுத்ததை நினைத்து வருந்தவும் வேண்டாம். ஒரு வருடப் பழக்கத்தைச் சில வாரங்களில் மாற்றிவிடலாம்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பாக்கெட்டை எடுத்து, பின்பக்கம் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதில் 30 கிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இனிப்பு சீரியல்களில் இது அபூர்வமான அளவு இல்லை. கம்பெனி சொல்லும் ஒரு வேளை அளவு பெரும்பாலும் 30 கிராம்தான். அப்படியானால் ஒரு வேளைக்கு 9 கிராம் சர்க்கரை. ஆனால் நம் வீடுகளில் யாரும் தராசில் நிறுத்துப் போடுவதில்லை. கிண்ணம் நிறையும்வரை கொட்டினால் 50 கிராம் எளிதாக வந்துவிடும். அதில் சர்க்கரை 15 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் என்றால், கிட்டத்தட்ட நான்கு ஸ்பூன். ஒருநாள் மட்டும் உங்கள் சமையல் தராசிலோ பக்கத்துக் கடைத் தராசிலோ மகனின் கிண்ணத்தை நிறுத்துப் பாருங்கள், உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும்.

ஆறு வயதுக்கு எவ்வளவு தாங்கும்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 4 முதல் 6 வயது வரையிலான குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1360 கலோரி என்று கணக்கிட்டிருக்கிறது. நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வரையறுத்தது. உங்கள் மகனுக்கு 5 சதவீதம் என்பது 17 கிராம், 10 சதவீதம் என்பது 34 கிராம். பாலிலும் முழுப் பழத்திலும் இயல்பாக உள்ள சர்க்கரை இந்தக் கணக்கில் வராது.

இப்போது அந்த சத்து பவுடரையும் சேருங்கள். அதன் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 35 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 20 கிராம் பவுடருக்கு 7 கிராம். கிண்ணத்தில் 15, டம்ளரில் 7, ஆக 22 கிராம். வேன் ஏறும்முன்பே நல்லது என்று சொல்லப்பட்ட அளவைத் தாண்டிவிட்டான். மாலை பிஸ்கட், யாருக்காவது பிறந்தநாள் என்றால் வகுப்பில் மிட்டாய், ஞாயிறன்று ஐஸ்கிரீம் எல்லாம் இதற்கு மேல்தான். சீரியலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை. ஒரு நாளின் மொத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது 34 கிராம் என்ற உச்ச அளவிலும் காலையிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுவதுதான் சிக்கல். போர்ன்விட்டா போன்ற பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது நினைவிருக்கலாம். இரண்டில் ஒன்றை நாளைக்கே நிறுத்த முடியும் என்றால் பவுடரை நிறுத்துங்கள். வெறும் பால் போதும்.

அட்டவணையில் இன்னொரு இடத்திலும் ஏமாந்துவிட வாய்ப்பு உண்டு. ‘ஒரு வேளைக்கு, தினசரித் தேவையில் இத்தனை சதவீதம்’ என்று போட்டிருப்பார்கள். நம் நாட்டு விதிப்படி அந்தச் சதவீதம் நாளொன்றுக்கு 2000 கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற கணக்கில் போடப்படுகிறது. அது பெரியவர்களுக்கான கணக்கு. 9 கிராம் சர்க்கரை அதில் 18 சதவீதம் என்று வரும், பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும். அதே 9 கிராம் உங்கள் மகனுக்குரிய 17 கிராமில் பாதிக்கு மேல். அட்டையில் குழந்தைகளுக்குப் பிடித்த பொம்மை, பின்னால் பெரியவர்களின் கணக்கு. குழந்தைச் சாப்பாட்டு பாக்கெட்டில் சதவீதத்தை விட்டுவிட்டு கிராமைப் பாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது பொய் இல்லை. இந்த சீரியல்களில் வைட்டமினும் இரும்புச்சத்தும் சேர்க்கப்படுவது உண்மை. அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில் அமெரிக்காவில் சர்க்கரை பூசிய சீரியல்கள் கொடிகட்டிப் பறந்தன. 1953இல் கெல்லாக்ஸ் கொண்டுவந்த ‘சுகர் ஸ்மாக்ஸ்’ எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். பெயரிலேயே சர்க்கரையைப் போட்டு விற்ற காலம் அது. 1970இல் ராபர்ட் சோட் என்பவர் அமெரிக்க செனட் குழுவின்முன் சாட்சி சொன்னார். கடைகளில் உள்ள 60 சீரியல்களில் பெரும்பாலானவற்றில் கலோரியைத் தவிர சத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை என்றார். பெரும் சர்ச்சை எழுந்தது. அதன்பிறகு கம்பெனிகள் வைட்டமின்களையும் தாதுச்சத்துகளையும் அள்ளிச் சேர்த்தன. சர்க்கரை அப்படியே இருந்தது. வைட்டமின் சேர்ப்பதால் சர்க்கரை குறைந்துவிடுவதில்லை, இரண்டும் ஒரே கிண்ணத்தில்தான் உள்ளே போகின்றன.

இரும்புச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே இரும்பு தேவைதான். அதை முட்டை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை போன்றவற்றிலிருந்து எடுக்கலாம். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருந்தால் உடலில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி கொடுத்தால் சரியாகச் சேராது. மகன் சோர்வாக, வெளிறிப்போய்த் தெரிந்தால், எந்த பாக்கெட்டையும் நம்பாமல் ஒருமுறை ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

‘பாலும் உள்ளே போகிறதே’ என்ற வாதத்தை ஒரு நீதிமன்றமே கேட்டு முடித்துவிட்டது. பிரிட்டனில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு அதிகமான பொருள்களைக் கடைகளில் கண்ணில் படும் இடங்களில் வைப்பதற்குக் கட்டுப்பாடு வந்தபோது, சீரியலைப் பாலோடுதானே சாப்பிடுகிறார்கள், பாலையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று கெல்லாக்ஸ் வழக்குத் தொடுத்தது. 2022இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. பால் நல்லதுதான். ஆனால் பாலைச் சேர்ப்பதால் சீரியலில் உள்ள சர்க்கரை ஒரு கிராமும் குறையாது.

குறைக்க முடியாததும் இல்லை. அதே நிறுவனம் அதே நாட்டில், 2018இல் தன் ‘கோகோ பாப்ஸ்’ சீரியலின் சர்க்கரையை 100 கிராமுக்கு 30 கிராமிலிருந்து 17 கிராமாகக் குறைத்தது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை அதிகமான பொருள்களின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போட வேண்டும். அந்த முத்திரை பெற்ற அட்டையில் குழந்தைகளை இழுக்கும் பொம்மைப் படங்கள் கூடாது. சீரியல் அட்டைகளிலிருந்து பொம்மை விலங்குகள் காணாமல் போயின. அப்படி ஒரு முத்திரை நம் பாக்கெட்டின் முன்பக்கத்தில் இல்லாதவரை, பின்பக்கத்தைப் படிக்கும் வேலை நம் தலையில்தான்.

உங்கள் மாமியார் ‘மிட்டாய்’ என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிராம் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவதும் அதுதான். குழந்தையின் நாக்கு பழக்கத்தால் பக்குவப்படுவது. நாளின் முதல் சாப்பாடே தித்திப்பாக இருக்க வேண்டும் என்று ஆறு வயதில் பழகிவிட்டால், உப்பு, புளி, காரம், கீரையின் லேசான கசப்பு எல்லாம் அதற்கு முன்னால் தோற்றுப்போகும். இட்லியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரே தினமும் ஒரு சாக்லேட் கிண்ணம் காத்திருந்தால், அவன் ஏன் மெல்லப் போகிறான்? இன்னொன்று, மாவாக்கி, வேகவைத்து, பொரியவைத்த தானியமும் சர்க்கரையும் சீக்கிரம் செரித்துவிடும். நார்ச்சத்தும் புரதமும் குறைவு. பத்து மணிக்கே பசிக்கும். ஒட்டிக்கொள்ளும் மாவும் சர்க்கரையும் பல்லிடுக்கில் தங்கினால் சொத்தை விழும்.

அதற்காக நம் ஊர்ச் சாப்பாட்டைத் தலையில் தூக்கி வைத்தும் ஆடவேண்டாம். வெள்ளை அரிசி இட்லி நான்கைச் சர்க்கரை தொட்டுக் கொடுத்தால் அதுவும் மாவும் சர்க்கரையும்தான். இட்லியைக் காப்பாற்றுவது அதில் உள்ள உளுந்தும், கூட வரும் சாம்பாரும்.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? திடீரென்று பாக்கெட்டைப் பிடுங்கினால் போர்தான் நடக்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. கோடை முகாமுக்கு வந்த 5 முதல் 12 வயது வரையிலான 91 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு இனிப்பு சீரியல்கள், இன்னொரு பிரிவுக்குச் சர்க்கரை குறைந்த சீரியல்கள் என்று வைத்தார்கள். இரு பிரிவுக்கும் பால், ஆரஞ்சுச் சாறு, நறுக்கிய வாழைப்பழம், ஸ்ட்ராபெர்ரி, சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் மேசையில் இருந்தன. வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். இரு பிரிவினரும் தங்கள் கிண்ணம் பிடித்திருந்தது என்றே சொன்னார்கள். இனிப்புப் பிரிவினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு சீரியல் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் சர்க்கரையைத் தாங்களே தூவிக்கொண்டும்கூட, மொத்தச் சர்க்கரை 12.5 கிராம்தான். இனிப்புப் பிரிவினருக்கு 24.4 கிராம். சர்க்கரை குறைந்த பிரிவினர்தான் பழத்தையும் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே ஒரு சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸ் பாக்கெட் வாங்குங்கள். 100 கிராமுக்குச் சர்க்கரை 10 கிராமுக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் வாரம் முக்கால் பங்கு சாக்லேட், கால் பங்கு சாதாரணம். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த வாரம் கால் பங்கு சாக்லேட். பிறகு சாதாரணம் மட்டும், வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, மேலே ஒரு சிறு ஸ்பூன் சர்க்கரையை அவன் கையாலேயே தூவச் சொல்லுங்கள். அந்த ஒரு ஸ்பூன் பழைய நான்கு ஸ்பூனைவிட எவ்வளவோ மேல். கண்ணுக்கு முன்னால் விழுகிற சர்க்கரை நமக்குத் தெரிகிறது.

இந்த மாற்றம் நடக்கும்போதே வாரத்தில் இரண்டு நாள் வேறு சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள். பாலில் ஊறினால் சாப்பிடத் தயாராகும் பொருள் நம்மிடம் எப்போதோ இருந்தது, அவல். கெட்டி அவலைக் கழுவி ஊறவைத்தால் நீங்கள் தலை சீவி முடிப்பதற்குள் மெத்தென்று ஆகிவிடும். பால், வாழைப்பழம், தேங்காய்த் துருவல் சேர்த்தால் அவனுக்குப் பழகிய கிண்ணம் மாதிரியே இருக்கும். உப்பும் எலுமிச்சையும் வேர்க்கடலையும் போட்டுத் தாளித்தால் இன்னொரு நாள் ஓடும். முட்டைத் தோசைக்கு ஐந்து நிமிடம். முந்தைய இரவே ஊறவைத்த பச்சைப்பயறை வேகவைத்துப் புட்டோடு கொடுக்கலாம். கேழ்வரகுக் கூழை மோர் விட்டு டம்ளரில் கொடுத்தால் வேனில் ஏறும்வரை குடித்துக்கொண்டே போவான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் இதே வயதுப் பிள்ளைகள் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று சாப்பிடுகிறார்கள். நாலு பேரோடு உட்கார்ந்தால் எல்லாம் உள்ளே போகும். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் அவனோடு உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். எட்டரைக்கு வேலைக்கு ஓடும் நீங்களே அதையும் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கருத்துச் சொல்ல வீட்டில் இன்னும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். அவல் ஊறவைப்பது கணவரின் பொறுப்பு, பேரனோடு உட்கார்ந்து சாப்பிடுவது மாமியாரின் பொறுப்பு என்று பிரித்துக்கொடுங்கள்.

இதே விஷயம் குறித்து வந்த வேறு சில கேள்விகளுக்கும் சுருக்கமான பதில்கள்:

கேள்வி: சாக்லேட் சீரியலை விட்டுவிட்டோம். தேன் சேர்த்த மல்டிகிரெய்ன், முஸ்லி, ஓட்ஸ் எல்லாம் நல்லதுதானே?
- வாசகர், சென்னை

பதில்: அட்டையில் உள்ள பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரிட்டனில் 100 கிராமுக்கு 22.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அதிகம், 5 கிராமுக்குள் இருந்தால் குறைவு என்று பிரிக்கிறார்கள். கடையில் நின்று பார்க்க வசதியான அளவுகோல் அது. மூலப்பொருள் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும், முதலில் வருவதுதான் அதிகம். சர்க்கரை முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். தேன், திரவ குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரையின் உறவுக்காரர்கள்தான். ஒரே பாக்கெட்டில் இவை பிரிந்து நின்றால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கி, குறைவு போலத் தெரியும். சேர்மானம் இல்லாத ஓட்ஸ் நல்லதுதான். மசாலா ஓட்ஸில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கவனியுங்கள்.

கேள்வி: பேத்திக்குப் பத்து மாதம். கஞ்சியில் வெள்ளைச் சர்க்கரை போடாமல் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ தேனோ போடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போது எதுவுமே வேண்டாம், அம்மா. இரண்டு வயதுவரை சேர்த்த சர்க்கரை கூடாது என்றுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் அதில் அடக்கம். அவற்றில் கொஞ்சம் தாதுச்சத்து இருப்பது உண்மைதான், ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைப்பது மிகக் குறைவு. தேனை ஒரு வயது முடியும்வரை தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைப் பாதிக்கலாம். கஞ்சிக்கு இனிப்பு வேண்டுமென்றால் கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள். இனிப்பே இல்லாமல் கொடுத்தாலும் குழந்தை குடிக்கும். இனிப்பு இல்லையே என்ற குறை நமக்குத்தான்.

கேள்வி: இனிப்பு சீரியல் சாப்பிட்ட நாள்களில் என் மகன் ஒரு இடத்தில் நிற்பதில்லை. சர்க்கரைதானே காரணம்?
- வாசகர், மதுரை

பதில்: அப்படித்தான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. குழந்தைக்கும் பெற்றோருக்கும் கவனிப்பவருக்கும் தெரியாமல், சில சமயம் சர்க்கரையும் சில சமயம் சர்க்கரை இல்லாத இனிப்பும் கொடுத்துப் பார்த்த சோதனைகளைத் திரட்டி, 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் அலசல் வந்தது. குழந்தைகளின் நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் மகன் ஓடுவது அவன் வயதின் இயல்பாக இருக்கலாம், அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுத வேண்டாம். சர்க்கரையைக் குறைக்கப் பல்லும் எடையும் போதுமான காரணங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் பல் துலக்கியபின் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள்.